பெயரைச் சொன்னால் படம்

எனக்கு வேதியியல் தெரியாது. அவளோடு பழக்கம் ஏற்பட்டதற்கு அது ஒன்றுதான் காரணம்.

சிதம்பரத்தில் கல்லூரி விடுதியில் நான் சேர்ந்த புதிது. வரலாறு எடுத்திருந்தேன். ஒரு சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோது, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி வந்து நின்றாள்.

"ஹிஸ்டரி புள்ள இந்த ரூமா?"

"ஆமா, நான்தான்."

"பன்னண்டாவதுல என்ன குரூப்பு?"

"ஆர்ட்ஸ்."

"கெமிஸ்ட்ரி கொஞ்சமாச்சும் தெரியுமா?"

"சுத்தமா தெரியாது."

"பென்சீன்னா என்ன சொல்லு."

"வண்டிக்கு ஊத்தறதா?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நீதான் எனக்கு வேணும்" என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன். அவள் பார்வை என் மேல் இல்லை. என் தோளுக்குச் சற்று மேலே, சுவரில் எங்கோ இருந்தது. விழித்திரையில் ஏதோ நோய். பள்ளிக்கூட நாட்களிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய், பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியும் அளவுக்கு வெளிச்சம் மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த நிலையில், வேண்டாம் என்று சொன்ன எல்லோரிடமும் வாதாடி, பி.எஸ்ஸி. வேதியியலில் சேர்ந்திருந்தாள். பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அந்தப் பாடத்தைப் படித்தவராக இருக்கக் கூடாது என்பது விதி. விடுதி முழுக்க விசாரித்துக்கொண்டு கடைசியில் என்னிடம் வந்திருக்கிறாள்.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் கடலூர் பக்கத்தில் நிறையப் பேருக்கு ஆள் தெரிந்துவிடும். அவளுக்கு அது பிடிக்காது.

எழுதுவது பெரிய வேலையில்லை என்று நினைத்துச் சம்மதித்தேன். சொல்வதை எழுதுவதுதானே. ஆனால் கரிம வேதியியலில் பாதிக் கேள்விகள் எழுதுகிற கேள்விகளே அல்ல. ஒரு சேர்மத்தின் பெயரைக் கொடுப்பார்கள்; அதன் கட்டமைப்பை வரைய வேண்டும். வரைபவள் வேதியியல் தெரியாத நான். தெரிந்தவளுக்குத் தாள் தெரியாது.

முதல் நாள் பயிற்சிக்கு அவள் கொடுத்த பெயர் எனக்கு இன்னும் மறக்கவில்லை. 3-மெத்தில்பென்ட்டேன்-2-ஓல்.

"இது என்ன, மந்திரம் மாதிரி இருக்கு" என்றேன்.

"மந்திரமெல்லாம் இல்ல. வீட்டுக்கு வழி சொல்ற மாதிரி. பென்ட்டுன்னா அஞ்சு. அஞ்சு கார்பன் வரிசையா கையக் கோத்துக்கிட்டு நிக்குது. மலை மாதிரி ஏத்தி எறக்கிப் போடு. ஒவ்வொரு முனையும் ஒரு கார்பன். ரெண்டாவது முனைல ஒரு குச்சி நீட்டி ஓ எச் எழுது. அதான் ஓல். மூணாவது முனைல இன்னொரு குச்சி. அதான் மெத்தில். முடிஞ்சுது."

வரைந்தேன். தாளின் அடியில் பழைய செய்தித்தாள்களை மெத்தையாகப் போட்டு, பேனாவை அழுத்தி வரையச் சொல்லியிருந்தாள். தாளைத் திருப்பி, பின்பக்கம் புடைத்திருந்த கோடுகளை ஒரு விரலால் தடவிப் பார்த்தாள். ஆறாவதாக ஒரு முனையை நான் தெரியாமல் போட்டிருந்தேன்.

"ஆறு இருக்கு."

"அழகா முடியட்டும்னு ஒரு கோடு ஜாஸ்தி போட்டேன்."

"நீ அழகுக்குப் போட்டது வேற பொருள் ஆயிடுச்சு. பேருல இல்லாததப் போடாத. இருக்கறத விடாத. அவ்வளவுதான்."

அவளை ஒரே வரியில் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். இருப்பதை விடமாட்டாள். இல்லாததை ஏற்கமாட்டாள். பெயர் என்று ஒன்று கொடுத்தால் அதிலிருந்து படம் வந்தாக வேண்டும் அவளுக்கு. குறைக்கவும் கூடாது, சலுகையும் கூடாது.

சீக்கிரமே நான் அவள் அறைக்கு மாறிவிட்டேன். அங்கே அவளுடைய இரும்பு அலமாரிக் கதவுதான் அவளுடைய கரும்பலகை. வயர் சுற்றுகிற கறுப்பு டேப்பை மெல்லிய பட்டைகளாக வெட்டி ஒட்டினால் பிணைப்பு. ஸ்டிக்கர் பொட்டுகள் அணுக்கள். பெரிய வட்டப் பொட்டு ஆக்சிஜன், சின்னப் பொட்டு நைட்ரஜன். கார்பனுக்குப் பொட்டு கிடையாது. பட்டைகள் சேரும் மூலையே கார்பன். இரவு சாப்பாட்டுக்கு முன் கதவைத் தடவித் தடவி ஏதாவது ஒட்டிக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் விடுதிக் காப்பாளர் அறைகளைப் பார்வையிட வந்தார். கதவு முழுக்க ஒட்டியிருந்த பொட்டுகளைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்னம்மா இது, காலேஜ் சொத்த இப்படிப் பாழாக்கி வச்சிருக்கீங்க?"

"காஃபீன் மேடம்" என்றாள் அவள். "காலைல நீங்க குடிச்சிருப்பீங்களே காபி. அதுக்குள்ள இருக்கறது."

காப்பாளர் அருகில் போய்ப் பார்த்தார். "இதுவா?"

"நாலு சின்னப் பொட்டு, ரெண்டு பெரிய பொட்டு. எண்ணிப் பாருங்க."

எண்ணினார். பிறகு கண்டிப்பான குரலில், "மாசக் கடைசில எல்லாத்தையும் சுத்தமா எடுத்துரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவர் ஒரு பொட்டு அட்டையை எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன்.

அவள் குடும்பம் கம்மாபுரம் பக்கத்திலிருந்து கடலூருக்குக் குடிவந்தது. அப்பாவுக்கு சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. டிபன் நேரத்தில் விடுதிக்கு ஃபோன் வரும். நலம் விசாரிப்பதெல்லாம் ஒரு நிமிடம்தான். பிறகு, அன்றைக்கு வந்திறங்கிய டிரம்மின் மேல் ஒட்டியிருக்கும் பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பார்.

"என், அப்பறம் ஒரு கமா, மறுபடியும் என். டை... மெத்தில்... அனி... லின். இது என்ன பாப்பா?"

"அனிலின் தெரியும்ல, போன மாசம் சொன்னேனே. பென்சீன் வளையத்துல ஒரு நைட்ரஜன் தொங்கும். அந்த நைட்ரஜன் கையில ரெண்டு ஹைட்ரஜன் இருக்கும். இதுல அது ரெண்டும் போயி, ரெண்டு மெத்தில் வந்து உக்காந்திருக்கு. அதான் ரெண்டு என்."

"சரி, அது நல்லவனா கெட்டவனா?"

"தோல் வழியா உள்ள போயிடும்ப்பா. கிளவுஸ் இல்லாம தொடாதீங்க. பக்கத்துல நிக்கற மாமாகிட்டயும் சொல்லுங்க."

ஃபோனை வைத்துவிட்டு, அந்தப் பெயரைக் கதவில் ஒட்டிப் பார்த்த பிறகுதான் சாப்பிட வருவாள். அப்பா எதைத் தூக்குகிறார் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் சொல்லும் பெயரைப் பிரித்துப் பார்த்தே அவள் பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

சலுகை வேண்டாம் என்பவள் என்றதும் முரட்டு வீம்புக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. கடலூர் பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் நன்றி சொல்லி உட்கார்ந்துகொள்வாள். நான் ஒரு முறை கேட்டேன், இதை மட்டும் எப்படி வாங்கிக்கொள்கிறாய் என்று.

"சீட்டு குடுத்தா உக்காருவேன். மார்க் குடுத்தா வாங்க மாட்டேன்" என்றாள்.

அப்படி ஒரு முறை பஸ்ஸில் போகும்போது, ஒரு நிறுத்தத்தில் பலாச்சுளை விற்பவர் ஜன்னலோரம் வந்தார். பண்ருட்டிப் பழம். அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "ஜன்னல்ல தூசி இருக்கா?" என்று கேட்டாள். இருந்தது. என் விரலைப் பிடித்துக் கண்ணாடியில் வைத்தாள். "3-மெத்தில்பியூட்டைல் 3-மெத்தில்பியூட்டனோயேட். நான் சொல்றேன், வரை." பஸ் கிளம்புவதற்குள் வரைந்து முடித்தேன். "என்ன பாப்பா எழுதறீங்க?" என்று கேட்டார் பழக்காரர். "ஒங்க பலாப்பழத்தோட வாசனைண்ணே. அதுல ஒரு பங்கு" என்றாள் அவள். அவர் கண்ணாடியை உற்றுப் பார்த்துவிட்டு, ஒரு சுளையை அவள் கையில் சும்மா கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டாள்.

இரண்டாம் வருடத்தில்தான் அந்தப் புகார் வந்தது.

கரிம வேதியியல் தாளில் அந்த வகுப்பிலேயே அவளுக்குத்தான் அதிக மதிப்பெண். படங்களில் ஒரு மதிப்பெண்கூடக் குறையவில்லை. கண் தெரியாத பெண் இவ்வளவு துல்லியமாகப் படம் சொல்ல முடியாது, எழுதுகிறவளுக்கு வேதியியல் தெரிந்திருக்கிறது என்று யாரோ துறைத் தலைவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். யார் என்று அவள் விசாரிக்கவே இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. படிப்பே போய்விடுமோ என்று பயந்தேன்.

"என்னடி அழற? ஒனக்குக் கெமிஸ்ட்ரி தெரியும்னு எழுதியே குடுத்திருக்காங்க. சந்தோஷப்படு" என்றாள்.

ஆனால் அன்று அவளும் சாப்பிடவில்லை.

துறைத் தலைவர் எங்கள் இருவரையும் அழைத்தார். நல்ல மனிதர். அவளை உட்காரச் சொல்லி, மெதுவாகத்தான் பேசினார்.

"பாரும்மா, ஒம்மேல எனக்குச் சந்தேகம் கெடையாது. ஆனா புகார்னு வந்துட்டா நான் ஏதாவது செஞ்சாகணும். இனிமே ஒனக்குப் படம் வரையற கேள்விக்குப் பதிலா கட்டுரைக் கேள்வி குடுத்துடறோம். அதே மார்க். யாரும் ஒரு வார்த்த சொல்ல முடியாது. ஒனக்கும் சிரமமில்ல."

எனக்கு உயிர் வந்தது. நான் தலையாட்டவே தொடங்கிவிட்டேன்.

"வேணாம் சார்" என்றாள் அவள்.

"ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தெரியுது சார். ஆனா பேர வச்சுப் படம் போடறதுதான் சார் ஆர்கானிக். அத எடுத்துட்டா எனக்குக் குடுக்கற டிகிரி வேற டிகிரி. நாளைக்கு நான் எங்க வேலைக்குப் போனாலும், படம் தெரியாத கெமிஸ்ட்ரின்னுதான் சொல்வாங்க."

"அப்ப, நீ சொல்லித்தான் இவ வரைஞ்சான்னு எப்படி நிரூபிப்ப?"

அவள் ஒரு கணம்தான் யோசித்தாள். "இவள ஓரமா உக்கார வைங்க. வேற யாரையாவது கூப்புடுங்க. யாரா வேணா இருக்கட்டும், கெமிஸ்ட்ரி தெரியாதவங்களா இருந்தா போதும். பேர நீங்க சொல்லுங்க."

மறுநாள் காலை, துறை நூலக அறையில் அது நடந்தது. துறைத் தலைவரும் இன்னொரு பேராசிரியையும் மேசைக்கு அந்தப் பக்கம். நான் பின் சுவரோரம், கையை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்கக் கூடாது என்ற கட்டளையோடு. வரைவதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, தேநீர்த் தட்டோடு அலுவலக உதவியாளர் உள்ளே வந்தார். அண்ணாகிராமத்துக்காரர், தடித்த மீசை.

"இவர் போதுமா?" என்றார் துறைத் தலைவர்.

"போதும் சார்" என்றாள்.

உதவியாளர் பதறிவிட்டார். "சார், நான் கையெழுத்தே கோணலாப் போடறவன். என்னப் போயி..."

"அண்ணே, உக்காருங்க. நான் வழி சொல்றேன், நீங்க ஓட்டுங்க" என்றாள் அவள்.

பேராசிரியை பெயரைச் சொன்னார். "4-ஹைட்ராக்சி-3-மெத்தாக்சிபென்சால்டிஹைடு."

அவள் உதடு அசைந்தது. பெயரைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"அண்ணே, தேன்கூடு பாத்திருக்கீங்களா?"

"முந்திரித் தோப்புல எவ்வளவோ பாத்திருக்கேன்."

"அதுல ஒரு அறைய மட்டும் பெருசாப் போடுங்க. மேல ஒரு மூலை, கீழ ஒரு மூலை வர்ற மாதிரி, நிமிந்து நிக்கணும்."

பேனா சத்தம் கேட்டது. "போட்டேன்."

"மூலைய எண்ணுங்க."

"ஒண்ணு, ரெண்டு... அஞ்சு."

"ஒண்ணு கொறையுதுண்ணே. வேற தாள் எடுத்துக்குங்க."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இரண்டாவது தாளில் ஆறு வந்தது. உள்ளே ஒரு வட்டம் போடச் சொன்னாள். "மேல் மூலை ஒண்ணாம் நம்பர். அங்கேருந்து கடியாரம் சுத்தற பக்கமா நம்பர் வச்சுக்கிட்டே வாங்க. வச்சீங்களா? ஒண்ணுலேர்ந்து மேல ஒரு குச்சி, அதுக்கு மேல சி, எச், ஓ. மூணுலேர்ந்து வெளிய ஒரு குச்சி, அதுல ஓ, பக்கத்துலயே சி, எச், எச்சுக்குக் கீழ சின்னதா மூணு. நாலாம் நம்பர் எங்க வருது?"

"அடி மூலைல."

"அங்கேருந்து கீழ ஒரு குச்சி, ஓ, எச். முடிஞ்சுது. சார்கிட்ட குடுங்க."

கோணல்மாணலான அந்தப் படத்தைப் பேராசிரியை கையில் வாங்கிப் பார்த்தார். தலைவரிடம் நகர்த்தினார்.

"நான் என்னம்மா வரைஞ்சேன்?" என்று மெதுவாகக் கேட்டார் உதவியாளர்.

"வெனிலாண்ணே. ஐஸ்கிரீம்ல வாசன வருதுல்ல, அது."

"ஐஸ்கிரீமா? நானா?" என்று அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

பேராசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் துறைத் தலைவர் சிரிக்கவில்லை. "இது எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு. மனப்பாடமா இருக்கலாம். இன்னொண்ணு சொல்றேன்" என்றார். கொஞ்சம் யோசித்து, "2-எத்தில்பியூட்டேன்" என்றார்.

இவ்வளவு சின்னப் பெயரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவளும் உடனே தொடங்கிவிட்டாள். நான்கு முனை வருகிற மாதிரி மலைக்கோடு. இரண்டாவது முனையிலிருந்து ஒரு கிளை, அந்தக் கிளையில் இரண்டு முனை. உதவியாளர் இப்போது கொஞ்சம் தைரியமாக வரைந்தார். தாளை எடுத்து நீட்டப் போனார்.

"இருங்கண்ணே" என்றாள் அவள்.

அவள் நெற்றி சுருங்கியிருந்தது. தப்பு செய்துவிட்டாளோ என்று பயந்தேன்.

"அண்ணே, ஒரு கடைசி முனைல பேனாவ வைங்க. எடுக்காம, வந்த வழில திரும்பாம, இன்னொரு கடைசிக்குப் போங்க. வழில இருக்கற முனையெல்லாம் எண்ணிக்கிட்டே போகணும். எப்படிப் போனா ஜாஸ்தி வருதுன்னு பாருங்க."

அவர் எண்ணினார். "இப்படிப் போனா நாலு." பேனாவை வேறு முனைக்கு நகர்த்தினார். "கிளை வழியாப் போனா... அஞ்சு." நம்பாமல் இன்னொரு முறை எண்ணினார். "அஞ்சுதாம்மா வருது."

அவள் துறைத் தலைவர் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"சார், பேரு நாலுன்னு சொல்லுது. படத்துல அஞ்சு இருக்கு. பெரிய வழிய வச்சுத்தான் பேரு வைக்கணும். நீங்க சொன்ன பேரு தப்பு சார். இதுக்குச் சரியான பேரு 3-மெத்தில்பென்ட்டேன்."

துறைத் தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இப்போது அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

"தெரிஞ்சுதான் சொன்னேன்" என்றார். "படம் வரைஞ்சு காட்டிட்டு நிறுத்திருந்தாலே ஒன்ன விட்டிருப்பேன். நீ பேரையே திருப்பிக் குடுத்துட்ட." பிறகு பேராசிரியையிடம், "புகார முடிச்சிடலாம். படக் கேள்வி எல்லாருக்கும் என்னவோ அதே கேள்விதான் இவளுக்கும்" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வராந்தாவுக்கு வந்ததும் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அவள் சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள். "அஞ்சுதாம்மா வருதுன்னாரு பாத்தியா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "அவருக்குப் பேரு தெரியாது, பொருள் தெரியாது. ஆனா அவரு கையாலயே கண்டுபுடிச்சாரு."

அந்த வாரம் முழுக்க, துறைத் தலைவர் கேள்வியிலேயே தப்பு கண்டுபிடித்தவர் என்ற பெருமையோடு உதவியாளர் கல்லூரியைச் சுற்றி வந்தார். பாதிக் கதையைத் தானே சேர்த்துக்கொண்டார் என்று கேள்வி. அவள் மறுக்கவில்லை.

பட்டமளிப்பு விழாவில், பி.எஸ்ஸி.யில் துறையின் முதல் மாணவியாக அவள் பெயரைப் படித்தபோது, ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்த அவள் அப்பா எங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கை தட்ட மறந்து, மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எம்.எஸ்ஸி., ஆராய்ச்சி, தகுதித் தேர்வு என்று அவள் போய்க்கொண்டே இருந்தாள். எனக்குக் கல்யாணமாகி ஊர் மாறியது. என் இடத்தில் வேறு வேறு பெண்கள் எழுதினார்கள். அவர்களில் யாருக்கும் வேதியியல் தெரியாது. எல்லோரும் அவள் சொன்னபடி வரைந்தார்கள்.

போன வருடம் ஒரு வேலையாகக் கடலூர் போனபோது அவள் பாடம் நடத்தும் கல்லூரிக்குப் போனேன். உதவிப் பேராசிரியர். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. முடியட்டும் என்று கதவுக்கு வெளியே நின்றேன்.

அவள் மேசையில் சாய்ந்தபடி, கரும்பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு மாணவி பலகையில் வரைந்துகொண்டிருந்தாள். என் தோழி ஏதோ பெயர் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைகள் எல்லோரும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாக்பீஸ் கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது. மாணவி வரைந்து முடித்து, கையைத் தட்டிக்கொண்டு திரும்பினாள்.

"முடிஞ்சுது மேடம்."

"எத்தன கார்பன்?"

"ஆறு மேடம்."

"பேரு 'ஈன்'னு முடியுதே. கவனிச்சியா?"

"கவனிச்சேன் மேடம். ரெண்டாவது கார்பன்ல டபுள் பாண்டு."

"நீ வரையும்போது அந்த எடத்துல எனக்கு ஒரு கோடுதான் கேட்டுச்சு" என்றாள் அவள், திரும்பாமலே. "இன்னொண்ணு எங்க?"

மாணவி பலகையைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். வகுப்பில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. மாணவி சாக்பீஸை எடுத்து, இரண்டாவது கார்பனுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், இருந்த கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோட்டை அழுத்தி இழுத்தாள். வெளியே நின்ற எனக்கே அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"இப்ப சரி" என்றாள் அவள். "அடுத்த பேரு. யாரு வர்றீங்க?"

பாதி வகுப்பு கையைத் தூக்கியது. "நான் மேடம்", "நான் மேடம்" என்று குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. பெஞ்சுகள் நகரும் சத்தத்தில் எது யாருடையது என்று தெரியவில்லை. அவள் அந்தச் சத்தத்துக்கு நடுவில் முகத்தைச் சற்று உயர்த்தி, சிரித்தபடி ஒரு குரலைத் தேர்ந்தெடுத்துக் கையை நீட்டினாள்.